ஊர் இல்லாத தண்ணீர்

அன்று காலையிலும் இரண்டு டம்ளர் கொண்டுபோனேன். ஒன்றில் குழாயிலிருந்து நேராகப் பிடித்த தண்ணீர், மோந்து பார்க்க. இன்னொன்றில் கொதிக்கவைத்து ஜாடியில் ஆறிய தண்ணீர், குடிக்க. படுக்கையில் சாய்ந்து உட்கார்ந்திருந்த என் மனைவி முதல் டம்ளரை மூக்கருகே வைத்துக் கண்ணை மூடிக்கொண்டாள். பிறகு ஜன்னல் வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பிடிக்கப் பார்த்தாள். நான் டம்ளரின் அடியைத் தாங்கிக்கொண்டேன்.

“இன்னைக்குக் கொஞ்சம் தூக்கலா இருக்கு. மழை பெஞ்சுதா?”

“மலைப் பக்கம் ரெண்டு நாளா தூறலாம்.”

“அதான். ப்ளான்ட்ல சின்னவர் பயந்து குளோரின் ஒரு பிடி கூடப் போட்டுட்டார்.”

இரண்டாவது டம்ளரில் இரண்டு மிடறு குடித்தாள். மூக்குக்கண்ணாடி நழுவி மேலுதட்டுக்கு வந்துவிட்டது. ஏற்றிவிட்டேன். வலது பக்கத் திருகு லூசாகிவிட்டது, சாயங்காலம் கடையிலிருந்து வரும்போது சின்னத் திருப்புளியைக் கொண்டுவாருங்கள் என்றாள். சரி என்றேன். டம்ளர்களைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு வந்து பார்த்தபோது தூங்கிக்கொண்டிருந்தாள். அவள் தங்கையிடம் சொல்லிவிட்டுக் கடைக்குப் போனேன். மதியத்துக்கு முன்பே தங்கை போன் செய்தாள். அக்கா அந்தத் தூக்கத்திலேயே போய்விட்டாள்.

என் மனைவி குடிநீர் சுத்திகரிப்பு நிலையத்தில் வேதியியலாளராக இருந்தாள். மலையடிவாரத்து ஏரியிலிருந்து நீண்ட குழாயில் தண்ணீர் வரும். வண்டல் படியவிட்டு, மணலில் வடிகட்டி, தொட்டிகளில் நிரப்பி ஊருக்கு அனுப்புவார்கள். அந்தத் தண்ணீர் குடிக்கலாமா, கூடாதா என்று சொல்லிக் கையெழுத்துப் போடுவது அவள் வேலை. தெருவில் எல்லோருக்கும் அவள் தண்ணிக்காரம்மா. நான் மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிறவன். என்னைத் தண்ணிக்காரம்மா வீட்டுக்காரர் என்றுதான் சொல்வார்கள். எனக்கு அதில் வருத்தம் இருந்ததில்லை.

அவளை நான் முதலில் பார்த்ததும் கடையில்தான். புதுக் கண்ணாடியை அவள் காதுகளுக்குப் பின்னால் பொருத்திப் பார்க்கக் குனிந்தபோது, கையிலிருந்து துவைத்த வெள்ளைத் துணியின் வாசனை வந்தது. சலவைக் கடை வைத்திருக்கிறீர்களா என்று கேட்டுவிட்டேன். “ஆமா, ஊரையே துவைக்கிறேன்,” என்றாள். கல்யாணமான பிறகும் அந்த வாசனை போகவில்லை. எந்த சோப்பு போட்டாலும் அடியில் அது இருந்தது. கண் உங்களுக்கு, மூக்கு எனக்கு என்று எங்கள் குடும்பத்து உடைமைகளைப் பங்கு பிரித்து வைத்திருந்தாள்.

எங்களுக்குக் கல்யாணமான புதிதில் ஒரு பெருமழை பெய்தது. ஏரி தேநீர் நிறத்துக்கு மாறியது. அடுத்த வாரம் ஊரில் வயிற்றுப்போக்கு தொடங்கியது. ஆஸ்பத்திரியில் கட்டில் போதாமல் நடைகூடத்தில் பாய் விரித்தார்கள். குழந்தைகள்தான் அதிகம். சில குழந்தைகள் வீட்டுக்குத் திரும்பவில்லை. அவள் மூன்று நாள் வீட்டுக்கே வரவில்லை. வடிகட்டிய பிறகு போடுகிற குளோரின் மட்டும் போதாது, தண்ணீர் ஏரியை விட்டுக் கிளம்பும்போதே போட வேண்டும் என்று முடிவெடுத்தவள் அவள்தான். ஏரி வாயில் தகரக் கூரை போட்ட ஒரு சின்ன அறை கட்டினார்கள். அங்கிருந்து குளோரின் இறங்கியது. வயிற்றுப்போக்கு நின்றது. பிறகு எங்கள் ஊரில் அது வரவேயில்லை. அந்த அறைக்கு ஊழியர்கள் ‘மேடம் ஷெட்’ என்று பேர் வைத்தார்கள். யாராவது புதிதாக வேலைக்குச் சேர்ந்தால் முதலில் கூட்டிப்போய்க் காட்டுவது அதைத்தான்.

வருஷங்கள் கழித்து அதே அறைதான் அவளை உறுத்தத் தொடங்கியது.

அவள் எனக்கு அதை விளக்கியது சமையலறையில், தேநீர் வடிகட்டிக்கொண்டிருக்கும்போது. ஏரியில் இலை விழுகிறது, அழுகுகிறது. அந்தச் சாறு தண்ணீரில் கலக்கிறது. அது இருக்கிற தண்ணீரில் குளோரினைப் போட்டால் குளோரின் கிருமியை மட்டும் பிடிப்பதில்லை, இலைச் சாற்றோடும் சேர்ந்துகொள்கிறது. சேர்ந்து ஏரியிலும் இல்லாத, குளோரின் சிலிண்டரிலும் இல்லாத புதுப் பொருள்களைப் பண்ணிவிடுகிறது. ட்ரைஹாலோமீத்தேன் என்று ஒரு பேர் சொன்னாள். நம் கல்யாணத்துக்கு வந்து கோபித்துக்கொண்டு போன உன் ஒன்றுவிட்ட மாமா பேர் மாதிரி இருக்கிறதே என்றேன். சிரித்தாள், ஆனால் வடிகட்டியைக் கீழே வைக்கவில்லை. இந்தப் பொருள்கள் ஒருநாள் இருநாளில் எதுவும் செய்யாது. ஆனால் அளவு கூடுதலாக இருக்கிற தண்ணீரைப் பல வருஷம் குடிக்கிற ஊர்களில் சிறுநீர்ப்பைப் புற்றுநோய் கொஞ்சம் அதிகமாக வருவதாக ஆராய்ச்சிகள் சொல்கின்றன. எங்கள் தண்ணீரில் வெயில் காலத்தில் அளவு அனுமதித்த எல்லையைத் தாண்டுகிறது.

“அப்ப குளோரினே வேண்டாமா?” என்று கேட்டேன்.

“அப்படிச் சொல்றவங்க அந்த நடைகூடத்தைப் பார்க்கலைங்க,” என்றாள். “குளோரின் வேணும். இடம்தான் மாறணும். முதல்ல வடிகட்டி இலைச் சாறையெல்லாம் எடுத்துட்டு, கடைசியில போடணும். இந்த டீயில பால் எப்ப ஊத்தறதுங்கற மாதிரிதான். இதுக்குப் போய் இவ்வளவு நாள் கேட்டுட்டிருக்கேன்.”

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் இரண்டு வழக்கங்கள் வந்தன. குளிக்கும்போது குளியலறை ஜன்னல் திறந்திருக்க வேண்டும், ஏனென்றால் அந்தப் பொருள்கள் வெந்நீர் ஆவியோடு மேலே வரும். குளிர்காலத்தில் பல் கிட்டிக்கொண்டு நான் திட்டுவேன். உயிர் முக்கியமா, உடம்பு சூடு முக்கியமா என்று வெளியிலிருந்து குரல் வரும். இரண்டாவது, குடிதண்ணீர் ஜாடியை மூடக் கூடாது. கொஞ்ச நேரம் திறந்திருந்தால் பறக்க வேண்டியது பறந்துவிடும் என்பாள். நீல நிற ஜாடி அது. அதன் மூடியைச் சமையலறைச் சுவரில் ஒரு ஆணியில் தொங்கவிட்டிருந்தாள். தூசி விழாமல் மெல்லிய துணி மட்டும் மேலே.

நிலையத்தின் பொறியாளரைச் ‘சின்னவர்’ என்று சொல்வோம். அவர் வேலைக்கு வந்தபோது மேலே ஒரு பெரியவர் இருந்தார். பெரியவர் போய்விட்டார், சின்னவருக்குத் தலை முழுக்க வழுக்கை விழுந்துவிட்டது, பேர் மட்டும் மாறவில்லை. என் மனைவிதான் அவருக்கு எல்லாம் சொல்லிக்கொடுத்தவள் என்று அவரே எல்லோரிடமும் சொல்வார். இவள் ஷெட்டை மூடிவிட்டுக் குளோரினைக் கடைசிக்கு மாற்ற வேண்டும் என்று கேட்கும்போதெல்லாம், பார்க்கலாம் மேடம், அடுத்த வெயிலுக்குள் பார்க்கலாம் மேடம் என்பார். இவள் சொன்ன எதையும் தட்டாத மனிதர் இதை மட்டும் ஏன் தள்ளிப்போடுகிறார் என்று எங்களுக்குப் புரியவில்லை.

பிறகு அவளுக்குச் சிறுநீரில் ரத்தம் வந்தது.

மருத்துவர் படங்களை வெளிச்சப் பலகையில் மாட்டி நிதானமாகச் சொன்னார். சிறுநீர்ப்பையைத் தாண்டிப் பரவிவிட்டது. நான் அந்தக் கேள்வியைக் கேட்டேன், அவள் கேட்கவில்லை. தண்ணீராலா? ஒரு தனி ஆளுக்கு எதனால் வந்தது என்று யாராலும் சொல்ல முடியாது என்றார் அவர். புகைபிடிப்பதுதான் முதல் காரணம், இவர் பிடித்ததில்லை. வயசு, குடும்பம், வேலை, தண்ணீர், எதுவும் இருக்கலாம், எதுவும் இல்லாமலும் வரலாம். வெளியே வந்து படியிறங்கும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள். “நல்ல டாக்டர். ‘இருக்கலாம்’னு சொல்றதுக்கு ரொம்பப் படிச்சிருக்கணும்.”

அவள் அந்த ‘இருக்கலாம்’ என்ற சொல்லுக்குள் வசதியாகக் குடியேறிவிட்டாள். என்னால் முடியவில்லை. அந்தக் குழாயைத் திறக்கும்போதெல்லாம் எனக்குக் கை கூசியது. இனி இந்தத் தண்ணீர் வேண்டாம், பாட்டில் தண்ணீர் வாங்கிவிடலாம் என்றேன். முடியவே முடியாது என்றாள். தண்ணிக்காரம்மா வீட்டுக்கு வெளித் தண்ணீர் வந்தால் தெருவே குழாயை மூடும். வசதி இருக்கிறவர்கள் வாங்கிக் குடிப்பார்கள். இல்லாதவர்கள் பழைய கிணற்றுக்குப் போவார்கள், திரும்பவும் நடைகூடத்தில் பாய் விரிக்க வேண்டியிருக்கும். அவள் சொன்னது எனக்குப் புரிந்தது. ஆனால் அவளைத் தவிர மற்ற யாரையும் பற்றி நினைக்கிற நிலையில் நான் இல்லை.

அப்படித்தான் கடத்தல் தொடங்கியது.

வீட்டு வேலைக்கு ஒத்தாசையாக அவள் தங்கை வந்து தங்கியிருந்தாள். அவளைக் கூட்டுச் சேர்த்துக்கொண்டேன். கடைக்குப் பக்கத்தில் பாட்டில் தண்ணீர் வாங்கி, லென்ஸ் வருகிற அட்டைப்பெட்டியில் வைத்து வீட்டுக்குக் கொண்டுவருவேன். அக்கா கண் அசரும் நேரம் பார்த்துத் தங்கை ஜாடியில் ஊற்றுவாள். முதல் தடவையே ஒரு சிக்கல் தெரிந்தது. அந்தத் தண்ணீரில் வாசனையே இல்லை. குழாயிலிருந்து பிடித்துத் திறந்து வைத்தாலும் எங்கள் தண்ணீரில் குளோரின் வாடை மெல்லியதாக மிச்சம் இருக்கும். அவள் மூக்கிடம் இது செல்லாது.

“அத்தான், மாட்டினா நான் உங்களத்தான் கை காட்டுவேன்,” என்றாள் தங்கை.

“அதுக்கும் வழி இருக்கு.”

சலவை பிளீச் பாட்டிலை எடுத்தேன். அவசரத்துக்குத் தண்ணீரை எப்படிச் சுத்தம் செய்வது, லிட்டருக்கு எத்தனை சொட்டு, எந்த பிளீச் ஆகும், எது ஆகாது என்று பெருமழை நாளில் அவளே எனக்குச் சொல்லிக்கொடுத்திருந்தாள். கண்மருந்துச் சொட்டான் ஒன்றைக் கழுவி, அவள் சொன்ன அளவிலும் பாதிக்குப் பாதியாக ஒரு சொட்டு விட்டுக் கலக்கினேன். மோந்து பார்த்தேன். எங்கள் வீட்டுத் தண்ணீர் வாசனை அச்சாக வந்திருந்தது. குளோரினுக்குப் பயந்து வாங்கிவந்த தண்ணீரில் குளோரினை நானே கலக்கினேன் என்பது அப்போது என் மண்டையில் ஏறவில்லை. தங்கை மட்டும் ஏதோ சொல்ல வாயெடுத்து, என் முகத்தைப் பார்த்துவிட்டு விட்டுவிட்டாள்.

என் மனைவி குடித்தாள். டம்ளரைத் திருப்பிக் கொடுக்கும்போது என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள், அவ்வளவுதான். நான் பரீட்சை பாஸ் பண்ணிய மாதிரி சமையலறைக்குப் போனேன்.

அந்த வாரங்களில் வாரம் ஒருமுறை அவள் கண்ணாடியைக் கழற்றி, காதில் மாட்டும் கொக்கிகளைச் சூடு காட்டி உள்பக்கம் வளைப்பேன். முகம் இளைத்துக்கொண்டே போனது, கண்ணாடி நழுவிக்கொண்டே இருந்தது. சும்மா துடைத்துத் தருகிறேன் என்றுதான் சொல்லி வாங்குவேன். அவளும் துடைக்கத்தான் என்று நினைப்பதுபோல் கழற்றிக் கொடுப்பாள். மாட்டிக்கொண்டதும், “அட, துடைச்சதுல கண்ணாடி சின்னதாயிடுச்சே,” என்பாள்.

கடத்தல் மாட்டிக்கொண்டது மாடிப்படியில். நாங்கள் இருப்பது நடு வீடு. மேல் வீட்டில் ஓய்வுபெற்ற ஆசிரியை, கீழ் வீட்டில் திரைச்சீலை தைக்கிற ஒரு பெண், அப்போது பிள்ளை உண்டாகியிருந்தாள். ஒருநாள் சாயங்காலம் நான் ஏறிவரும்போது மழையில் நனைந்திருந்த அட்டைப்பெட்டியின் அடி விட்டுப்போனது. பாட்டில்கள் படிப்படியாக உருண்டு, சத்தம் போட்டுக்கொண்டு, பின்னால் ஏறிவந்த ஆசிரியையின் செருப்பில் போய் நின்றன. அந்த அம்மா ஒன்றை எடுத்து, வாசித்துப் பார்த்து, என்னிடம் கொடுத்தார். “உங்க வீட்டுலயேவா?” என்று மட்டும் கேட்டார். கடைக்கு, லென்ஸ் கழுவ என்று உளறினேன். மறுநாள் மேல் வீட்டுக்குக் கேனில் தண்ணீர் வந்து இறங்கியது. அடுத்தடுத்த நாள்களில் எதிர் வரிசையில் இரண்டு வீடுகளுக்கு.

அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை கீழ் வீட்டுப் பெண் வந்தாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தாள். உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்டாள், தலையணையைச் சரிசெய்தாள், ஜன்னலைப் பார்த்தாள். கடைசியில் கேட்டுவிட்டாள்.

“அக்கா, எனக்கு வாங்கிக் குடிக்கல்லாம் முடியாது. மேல் வீட்டம்மா குழாய்த் தண்ணி வேண்டாங்கறாங்க. பின்னாடி கிணறு இருக்கு. அதுல எடுத்துக்கட்டுமா?”

என் மனைவி என்னைப் பார்த்தாள். நான் ஜன்னலைப் பார்த்தேன்.

“கிணறு வேண்டாம்,” என்றாள் அவளிடம். “அது இந்த வாரமே உன்னப் படுக்கப் போடும். குழாய்த் தண்ணியவே பிடி. நல்லா கொதிக்க வை, ஜன்னலத் திறந்து வை, மூடாம ஆற விடு. அப்புறம் குடி. இதுல ஒரு குறை இருக்கு, நான் மறைக்கல. அத சரி பண்ணிட்டிருக்கோம். அது வரைக்கும் நானும் அப்படித்தான் குடிப்பேன். தினமும் வந்து வேணும்னா பாரு.”

அந்தப் பெண் என் மனைவியின் பாதத்தைப் போர்வைக்கு மேலாகத் தொட்டு அழுத்திவிட்டுப் போனாள். கதவு சாத்தியதும் என் மனைவி சொன்னாள்.

“அந்த பிளீச் பாட்டிலக் கொண்டாங்க.”

எடுத்துக் கொண்டுபோய் மேஜைமேல் வைத்தேன். தங்கை அதற்குள் சமையலறையில் ஏதோ அவசர வேலையில் இருந்தாள்.

“எப்பத் தெரியும்?” என்றேன்.

“முதல் நாளே.”

“வாசனை சரியாத்தானே வந்துச்சு?”

“குளோரின் வாசனை சரியாத்தான் இருந்துச்சு. அதுக்குக் கீழ ஒண்ணுமே இல்ல. நம்ம தண்ணியில கீழ ஏரி இருக்கும், இலை இருக்கும், கொஞ்சம் இரும்புக் குழாய் இருக்கும். இந்தத் தண்ணிக்கு ஊரே இல்லைங்க.” பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டாள். “பெட்டியத் தூக்கிட்டு மூச்சு வாங்க வர்றீங்க. எப்படிக் குடிக்காம இருக்கறது? எவ்வளவு நாள் தாங்கறீங்கன்னு பார்த்தேன்.”

நான் கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துவிட்டேன். அவள் என் தலைமேல் கையை வைத்தாள். அந்தக் கை பல மாதமாக ஆய்வுக்கூடத்துக்குப் போகவில்லை. அதில் சோப்பு வாசனை மட்டும்தான் இருந்தது. அது எனக்குப் பிடிக்கவில்லை.

திடீரென்று அவள் உடம்பு குலுங்கியது. வலி என்று நினைத்து நிமிர்ந்தேன். சிரித்துக்கொண்டிருந்தாள்.

“சுத்தமான தண்ணி எடுத்து, கடைசியா ஒரு சொட்டு குளோரின். ஐயோ, இதத்தானே நான் அங்க கேட்டுட்டிருக்கேன். இலைச் சாறே இல்லாத தண்ணியில அந்தச் சொட்டு சேர்றதுக்கு ஆளே இல்ல. நீங்க தெரியாமப் பண்ணிட்டீங்க. நாங்க தெரிஞ்சும் பண்ணல.” கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “சின்னவரக் கூப்பிடுங்க. கடத்தல் தண்ணி மிச்சம் இருக்குல்ல?”

சின்னவர் மறுநாள் பழங்களோடு வந்தார். நாற்காலியின் நுனியில் உட்கார்ந்துகொண்டார். அவரிடம் இரண்டு டம்ளர் கொடுக்கச் சொன்னாள். ஒன்றில் குழாய்த் தண்ணீர். மற்றதில் என் தயாரிப்பு. அவரும் அவளிடம் பழகியவர்தானே, மோந்து பார்த்து முதலாவதை வைத்துவிட்டு இரண்டாவதைத் திரும்பத் திரும்ப மோந்தார்.

“இது எந்த ப்ளான்ட் மேடம்?”

“எங்க வீட்டு அடுப்படி. விஞ்ஞானி இதோ நிக்கிறார்.”

விஷயத்தைக் கேட்டு அவர் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை. ஷெட்டை எப்போது மூடப் போகிறீர்கள் என்று நேராகக் கேட்டாள். அவர் முதலில் குழாயைப் பற்றிப் பேசினார். ஏரி வாயில் குளோரின் இல்லாவிட்டால் நீண்ட குழாயின் உள்ளே பாசி பிடிக்கும் என்றார். அதற்கு அவ்வப்போது குழாயைத் தேய்த்துக் கழுவ வேண்டும், அதைத்தான் எல்லா ஊரிலும் செய்கிறார்கள் என்றாள். வடிகட்டி போதாது என்றார். வண்டல் படிய வைக்கும் மருந்தைச் சரியான அளவில் போட்டால் இலைச் சாற்றில் பெரும்பகுதி அங்கேயே இறங்கிவிடும், வடிகட்டிக்கு மிச்சம் கொஞ்சம்தான், நாம் இரண்டு பேரும்தானே கண்ணாடிக் குடுவையில் போட்டுப் பார்த்தோம் என்றாள். அவரிடம் காரணங்கள் தீர்ந்துபோயின. பழப் பையின் காதை முறுக்கிக்கொண்டிருந்தார்.

“மேடம், நான் ஒண்ணு சொல்லட்டுமா?” என்றார் கடைசியில். “அது நீங்க வச்ச இடம். அத எடுக்க எங்க யாருக்கும் கை வரல. முன்னாடியே வரல. இப்பப் போய் எடுத்தா ஊர் என்ன பேசும்? அந்தம்மா வச்சது தப்பு, அதான் அந்தம்மாவுக்கே வந்துச்சுன்னு பேசும். நான் அங்க இருக்கற வரைக்கும் உங்களப் பத்தி அப்படி ஒரு பேச்சு வரக் கூடாது.”

சமையலறையில் ஜாடித் தண்ணீருக்காக உலை கொதிக்கிற சத்தம் கேட்டது.

“அன்னைக்கு அது சரி,” என்றாள் அவள். “புள்ளைங்க போய்ட்டிருந்துச்சு. இன்னொரு தடவை அந்த நாள் வந்தாலும் அதேதான் பண்ணுவேன். இன்னைக்கு அது சரியில்ல. இந்த ரெண்டையும் நானே சொல்றேன், யார் கேட்டாலும் என்னைக் கை காட்டுங்க. கீழ ஒரு பொண்ணு இருக்கா, வயித்துல புள்ளையோட. என்னைக் கேட்டுட்டுத்தான் குடிக்கிறா. என் பேரக் காப்பாத்தறதுக்கு அவ இந்தத் தண்ணியக் குடிக்கணுமா?”

சின்னவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். எதில் துடைப்பது என்று தேடினார். நான் அதை வாங்கி என் துணியில் துடைத்துக் கொடுத்தேன். இரண்டு பக்கமும் நனைந்திருந்தது.

“ஷெட்டுக்கு மட்டும் உங்க பேர்தான் மேடம் இருக்கும்,” என்றார், மாட்டிக்கொண்டே.

“பூட்டின ஷெட்டுக்கா? நல்ல மரியாதை.” அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “அதுல மண்வெட்டி போட்டு வைங்க.”

வேலை அந்த மாதமே தொடங்கியது. கடைசித் தொட்டிக்கு முன்னால் புதிதாகக் குளோரின் இறக்கும் இடம் கட்டினார்கள். சின்னவர் தினமும் போன் செய்வார். தங்கை போனை அக்காவின் காதருகே பிடித்துக்கொள்வாள். இன்று சுவர் எழும்பியது, இன்று பம்ப் வந்தது, வந்த பம்ப் தப்பான பம்ப், திருப்பி அனுப்பினோம். அவள் எல்லாவற்றுக்கும் ம் கொட்டுவாள். தப்பான பம்ப் வந்த நாளில் மட்டும் சின்னவருக்குப் பதிலாக அவளே சப்ளை செய்தவனைத் திட்டினாள், அவன் போனில் இல்லாதபோதும். கீழ் வீட்டுப் பெண் தினமும் வந்து, ஜாடித் தண்ணீரை அவள் குடிப்பதைப் பார்த்துவிட்டுப் போனாள். பார்க்க வருவதாகச் சொல்லிக்கொள்ளவில்லை. தைத்த திரைச்சீலை நிறம் காட்டவோ, ஊசியில் நூல் கோத்துத் தரக் கேட்கவோ வருவாள். மேல் வீட்டு அம்மாவிடம் என் மனைவியே பேசினாள். என்ன பேசினாள் என்று எனக்குத் தெரியாது. அந்த வீட்டுக்குக் கேன் வருவது நின்றது. மிச்சமிருந்த பாட்டில்களைக் கடைக்குக் கொண்டுபோய் லென்ஸ் தேய்க்கிற சக்கரத்தின் தொட்டியில் ஊற்றினேன். அவ்வளவு சுத்தமான தண்ணீரில் அந்தச் சக்கரம் அதற்கு முன் ஓடியதில்லை.

கொதித்து ஆறிய தண்ணீர் அவளுக்குப் பிடிக்கவில்லை. செத்த தண்ணீர் என்பாள். அதனால்தான் காலையில் குழாய்த் தண்ணீரையும் ஒரு டம்ளர் கொண்டுவரச் சொன்னாள். குடிக்க இல்லை, மோந்து பார்க்க. வேலைக்குப் போகிற மாதிரி இருக்கிறது என்றாள். ஒருநாள் நான் கேட்டேன், இடம் மாறிய பிறகு இந்த வாசனை எப்படி இருக்கும் என்று.

“இதேதான் இருக்கும்,” என்றாள். “ஊருக்குள்ள வர்றப்பக் கிருமி வராம இருக்கக் கொஞ்சம் குளோரின் மிச்சம் வேணும். அது இன்னைக்கு எவ்வளவோ அன்னைக்கும் அவ்வளவுதான். கெட்டது பாதிக்கு மேல குறையும், ஆனா அதுக்கு வாசனை கிடையாது. யாருக்கும் ஒண்ணும் தெரியாதுங்க.”

“இவ்வளவு பாடுபட்டு யாருக்கும் தெரியாதா?”

“தண்ணி வேலையில அதான் பாஸ் மார்க்.”

“உன் மூக்குக்குமா?”

யோசித்துப் பார்த்தாள். “கீழ இருக்கற இலை வாசனை கொஞ்சம் குறையலாம். அத நான் பார்த்துச் சொல்றேன்,” என்றாள்.

அதைச் சொல்ல அவள் இல்லை. திருகு லூசான கண்ணாடியை நான் அன்றே சரி செய்தேன். கடையிலிருந்து திருப்புளி கொண்டுவருவதாகச் சொல்லியிருந்தேன், கொண்டுவந்தேன். திருகை முடுக்கி, துடைத்து, அவள் முகத்தில் மாட்டிவிட்டேன். கண்ணாடி சின்னதாகிவிட்டது என்று யாரும் சொல்லவில்லை.

புது இடம் திறந்தது அதற்குப் பிறகு, வெயில் தொடங்குவதற்கு முன்னால். சின்னவர் காலையில் போன் செய்தார். ஷெட்டைப் பூட்டிவிட்டோம் சார் என்றார். உள்ளே என்ன வைத்தீர்கள் என்று கேட்டேன். கொஞ்சம் தயங்கி, மண்வெட்டிதான் சார், மேடம் சொன்னாங்களே என்றார். தொட்டிகளில் பழைய தண்ணீர் தீர்ந்து புதுத் தண்ணீர் எங்கள் தெருவுக்கு வரக் கொஞ்ச நாளாகும். அதற்கடுத்த சோதனை முடிவு வந்ததும் அவரே வீட்டுக்கு வந்து சொன்னார். ட்ரைஹாலோமீத்தேன் அளவு எல்லைக்கு வெகு கீழே வந்திருந்தது. அவள் சொன்ன மாதிரியே, முன்பிருந்ததில் பாதிக்கும் கீழே.

கீழ் வீட்டுப் பெண்ணுக்குப் பெண் குழந்தை பிறந்திருந்தது. அவள் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்து, இனிக் குழாய்த் தண்ணீரை நேராகவே குடிக்கலாமா அண்ணா என்று கேட்டாள். நீ குடிக்கலாம், கைக்குழந்தைக்கு மட்டும் எப்போதும் கொதிக்கவைத்துக் கொடு என்றேன். என் மனைவி சொல்லிக் கேட்டதை அப்படியே சொன்னேன். தண்ணீர் மாறியதே தெரியவில்லையே என்றாள் அந்தப் பெண். மேல் வீட்டு அம்மாவும் அதையே சொன்னார். தெருவில் யாருக்கும் ஒன்றும் தெரியவில்லை.

நான் இப்போதும் காலையில் ஜாடியை நிரப்பி, மேலே துணியைப் போடுகிறேன். மூடி ஆணியில்தான் இருக்கிறது. பிறகு ஒரு டம்ளரில் குழாய்த் தண்ணீர் பிடித்து ஜன்னலருகே கொண்டுபோய், கண்ணை மூடிக்கொண்டு மோந்து பார்க்கிறேன். கீழே இருக்கும் இலை வாசனை குறைந்திருக்கிறதா என்று எனக்குத் தெரியவில்லை. எனக்கு அந்த மூக்கு இல்லை. மேலே இருப்பது மட்டும் தெரிகிறது. முதல்நாள் கண்ணாடிக் கடையில் அவள் கையிலிருந்து வந்த அதே வாசனை.